403 வந்தால் சிஎச்மாட் 777 போடாதீர்கள்

ஃபெடோரா, ராக்கி, அல்மா மாதிரி லினக்ஸில் ஃபைல் பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் வெப் சர்வர் 403 (அனுமதி இல்லை என்ற பிழை) காட்டினால், எல்லோருக்கும் எல்லா பர்மிஷனும் கொடுக்கும் சிஎச்மாட் 777 போடாமல், ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) இருந்து ரெஸ்டோர்கான் கட்டளையை பெரிய ஆர், சின்ன வி ஆப்ஷன்களோடு அந்த ஃபோல்டர் மேல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இந்த லினக்ஸ்களில் வழக்கமான பர்மிஷனுக்கு மேல் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் ஒட்டி வைத்திருக்கிறது. ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி கொடுத்து நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். சிபி கொடுத்தால் புதிய பிரதிக்குச் சேரும் இடத்தின் லேபிள் கிடைக்கும். ஹோம் லேபிள் உள்ள ஃபைலை வெப் சர்வர் தொட எஸ்ஈலினக்ஸ் விடாது, 777 போட்டாலும் விடாது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால் லேபிள் கண்ணிலேயே தெரியும். ரெஸ்டோர்கான் அந்த இடத்துக்கு உரிய லேபிளைத் திரும்ப ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

நீங்களாக உருவாக்கிய, சிஸ்டத்துக்குத் தெரியாத ஃபோல்டர் என்றால் இது மட்டும் போதாது. முதலில் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் அந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்று பதிந்துவிட்டு, அப்புறம் ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள். உபுண்டுவில் வழக்கமாக இருப்பது ஆப்ஆர்மர் என்ற வேறொரு பாதுகாப்பு அமைப்பு. அது லேபிள் பார்ப்பதில்லை, ஃபைல் இருக்கும் பாதையைத்தான் பார்க்கும், அதனால் இந்த வழி அங்கே உதவாது. எங்கே என்றாலும் சரி, தொல்லை தாங்காமல் எஸ்ஈலினக்ஸை மொத்தமாக அணைத்துவிட மட்டும் வேண்டாம்.