டிரெய்லர் டயர்: பட்டனைப் பார்த்து வாங்குவதில் தொடங்கும் தவறுகள்

டிரெய்லருக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பட்டனை, அதாவது டயரின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகளை. பட்டன் ஆழமாக இருந்தால் சேற்றில் புதையாது என்று ஒரு நம்பிக்கை. டிராக்டரின் பின்சக்கரத்துக்கு ஆழமான பட்டன் கட்டாயம் வேண்டும். அந்தச் சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ளித்தான் வண்டியை நகர்த்துகிறது. டிரெய்லர் சக்கரம் எதையும் தள்ளுவதில்லை. இழுத்த இழுப்புக்கு உருளுகிறது, அவ்வளவுதான். அதன் வேலை சுமையைத் தாங்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே நிற்பது.

டிராக்டரில் தேய்ந்துபோன பின் டயரை டிரெய்லரில் மாட்டும் பழக்கம் இந்தக் குழப்பத்தில் வருவதுதான். வயலில் அது மண்ணைக் கிளறும், பட்டன் இடுக்கில் சேற்றை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வரும். தார் ரோட்டில் வண்டி முழுக்க அதிரும், மீதமிருக்கும் பட்டனும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதற்காக மொட்டை டயர் போதும் என்று அர்த்தமில்லை. டிரெய்லருக்கு பிரேக் இருந்தாலோ, சரிவில் குறுக்காகப் போக வேண்டியிருந்தாலோ, பக்கவாட்டில் வழுக்காமல் இருக்கும் அளவுக்குப் பிடிப்பு வேண்டும். அகலமான, அதிக ஆழமில்லாத, தோள்பட்டை (பக்கச்சுவரை ஒட்டிய ஓரம்) உருண்ட பட்டன் இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒத்துவரும்.

சரி, புதைவதை எது முடிவு செய்கிறது? காற்று. டயர் மென்மையான தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். டயரின் விறைப்பால் இன்னும் கொஞ்சம் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். ஒரு சக்கரத்தின் மேல் 3,500 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். லாரி டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8.4 கிலோ. அந்தச் சுமையைத் தாங்க 420 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவான இடமே தரையில் படும். 20 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர், இரண்டு உள்ளங்கை அகலம். அதே சுமையை 30 பி.எஸ்.ஐ.யில் தாங்கக்கூடிய பெரிய டயர் என்றால் கிட்டத்தட்ட 41-க்கு 41 சென்டிமீட்டர் இடம் படும். நான்கு மடங்கு. நனைந்த நிலத்தில் முதல் டயர் இறங்கிக்கொண்டே போகும், தனக்குத் தேவையான பரப்பு கிடைக்கும்வரை. டிராக்டரின் டீசல் எங்கே போகிறது என்று கேட்டால், பாதி விடை அந்தத் தடத்தில் கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் பழைய லாரி டயர் ஆசை காட்டுகிறது. மலிவு, உறுதி, ரோட்டில் அருமையாக உருளும். காலம் முழுக்கக் கெட்டியான பாதையிலேயே ஓடும் டிரெய்லருக்கு அதைவிட நல்லது தேடவும் தேவையில்லை. ஆனால் ஈரவயலுக்குள் போக வேண்டும் என்றால், "காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ஆயிற்று" என்று சொல்பவரை நம்பாதீர்கள். லாரி ரேடியல் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் எஃகு இழைகள் அதிக அழுத்தத்தில், குறைவாக வளைந்து வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. குறைந்த காற்றில் லோடோடு ஓட்டினால் அவை வளைந்து வளைந்து உள்ளே ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் மறுபடி காற்று நிரப்பும்போது பக்கச்சுவர் ஜிப் திறப்பதுபோல நீளவாக்கில் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. காற்று குறைந்த நிலையில் ஓடிய டயருக்குக் காற்று பிடிப்பதென்றால் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயில், தள்ளி நின்றுதான் பிடிக்க வேண்டும். கூண்டு இல்லாத இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

அப்படியானால் அகலமான டயர் வாங்கிவிடலாமே? பாதி சரி. அகலம் கூடினால் பரப்பு கூடும். கூடவே டயருக்கு முன்னால் மண்ணைத் தள்ளிக் குவிக்கும் எதிர்ப்பும் கூடும். உயரமான டயர் தன் பரப்பை நீளவாக்கில் விரிக்கிறது, தடமும் குறுகலாகவே இருக்கும், பள்ளத்தில் இறங்கி ஏறுவதும் சுலபம். இடம் கொடுக்கும் வரை முதலில் உயரத்தைக் கூட்டுங்கள், அகலம் அதற்கு அப்புறம். உயரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. டிரெய்லர் தளம் மேலே ஏறினால் சரிவில் கவிழும் அபாயமும் ஏறும். அகலத்தைக் கூட்டுகிறவர்கள் ரிம்மை வெளிப்பக்கம் தள்ளி மாட்ட நேரும். அப்போது சுமை பேரிங்கின் மேல் நேராக விழாமல் வெளியே இழுக்கும், பேரிங் சீக்கிரம் போகும். மட்கார்டு, பிரேக் குழாய், தளத்தின் அடிப்பக்கம் மூன்றிலும் டயர் உரசுகிறதா என்பதை வெறும் வண்டியில் பார்த்தால் போதாது. ஸ்பிரிங் அமுங்கினால் இடைவெளி குறையும்.

அகல டயரால் வரும் இன்னொரு வம்பு: வண்டி புதையாமல் போகிறது என்ற தைரியத்தில் லோடு கூடுகிறது. குறைந்த காற்றழுத்தம் காப்பாற்றுவது பெரும்பாலும் மேல்மண்ணைத்தான். உழவுக்கு எட்டாத ஆழத்தில் மண் இறுகுவது ஓர் அச்சின் மேல் மொத்தம் எத்தனை டன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அச்சுக்குப் பத்து டன் ஏற்றிவிட்டு எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் அடிமண் அடி வாங்கும். மேல்மண்ணை அடுத்த உழவு தளர்த்திவிடும்; அடிமண் இறுகினால் வேர் இறங்காது, தண்ணீர் வடியாது, பல வருடம் அப்படியே கிடக்கும்.

சுமையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "ஆறு டன் டிரெய்லர்" என்பது ஏற்றும் சரக்கின் எடை மட்டும். ஒற்றை அச்சு டிரெய்லரின் சொந்த எடை 2 டன் என்றால் மொத்தம் 8 டன். அதில் ஒரு டன் டிராக்டரின் கொக்கி மேல் விழுகிறது என்று வைத்தால் அச்சுக்கு 7 டன், சக்கரத்துக்கு 3.5 டன். டயரின் பக்கத்தில் 150, 155 என்று ஒரு சுமை எண்ணும், அதை ஒட்டி ஓர் எழுத்தும் இருக்கும். 150 என்றால் 3,350 கிலோ. நம் கணக்குக்குப் போதாது. 152 என்றால் 3,550 கிலோ; சமதரையில் போதும். ஆனால் சரிவில் சாயும்போது கீழ்ப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுமக்கும் என்பதால் 155-க்கு, அதாவது 3,875 கிலோவுக்குப் போவதே நிம்மதி. ஒட்டியிருக்கும் எழுத்து வேகம்: ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40, பி என்றால் 50, டி என்றால் 65. பிளை ரேட்டிங் என்று போட்டிருப்பது பலத்தின் ஒரு பழைய அளவுகோல். உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று பொருளில்லை, இத்தனை கிலோ தாங்கும் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

சரக்கு மாறினால் கணக்கே மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 4 கன மீட்டர் பெட்டியில் நெல் நிரப்பினால் இரண்டேகால் டன் வாக்கில் வரும். அதே பெட்டியில் ஈரமணலை விளிம்புவரை நிரப்பினால் ஏழு டன்னைத் தாண்டும். டயரை வாங்கும்போது நினைவில் இருப்பது நெல், டயரைக் கொல்வது மணல்.

வயலுக்கும் ரோட்டுக்கும் ஒரே டயர் என்றால் முடிச்சு எங்கே விழுகிறது? ஒரே சுமைக்கு, மணிக்கு 10 கிலோமீட்டரில் போதுமான காற்று 40 கிலோமீட்டரில் போதாது. வேகமாகப் போகும்போது குறைந்த காற்றில் பக்கச்சுவர் விடாமல் வளையும், சூடேறும், அடுக்குகள் பிரியும். வயலுக்கென்று இறக்கிய காற்றோடு அப்படியே ரோட்டில் ஏறுவது டயரைக் கெடுக்க நிச்சயமான வழி. தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி அழுத்தம் இருக்கும். வாங்கும் முன்பே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வரப்போரம் நின்று காற்றை மாற்றப் பெரும்பாலானவர்களுக்குப் பொறுமை இருக்காது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுமைக்கு மட்டுமட்டான அளவை வாங்காமல் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். பெரிய டயரில் காற்றின் கொள்ளளவு அதிகம், அதே சுமையை ரோட்டு வேகத்திலும் குறைந்த அழுத்தத்தில் தாங்கும். அந்த ஒரே அழுத்தம் வயலுக்கும் ஓரளவு பொருந்திவிடும். ரோட்டுத் தூரம் மிக அதிகம் என்றால் வயலுக்குள் ஒரு வண்டி, ரோட்டுக்கு ஒரு வண்டி என்று பிரித்து, ஓரத்தில் சரக்கை மாற்றுவது இன்னும் நல்லது.

ரேடியலா (உள்ளிழைகள் நேர்குறுக்காக ஓடுவது), நைலானா (இழைகள் சாய்வாக ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிடுவது) என்பதற்கு நேரான பதில் கிடையாது. ரேடியல் குறைந்த காற்றில் நீளமாகப் படுக்கும், ரோட்டில் குறைவாகச் சூடேறும். அறுத்த தட்டைக் குச்சியும் கூர்க்கல்லும் நிறைந்த நிலத்தில் நைலான் டயரின் தடித்த பக்கச்சுவர் தாக்குப்பிடிக்கும். ஒரே அச்சில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அச்சின் ஒரே பக்கத்தில் ஜோடியாக மாட்டும் இரட்டைச் சக்கரம் ரோட்டில் வசதி. சேற்று நிலத்தில் இரண்டுக்கும் நடுவே கல்லும் களிமண்ணும் சிக்கும். ஒன்று தேய்ந்து மற்றொன்று புதிதாக இருந்தால் பெரியதே சுமையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும்.

ரிம் விஷயத்தில் "கிட்டத்தட்ட அதே அளவு" என்ற பேச்சுக்கே இடமில்லை. 15.3 அங்குலமும் 15.5 அங்குலமும் வேறு வேறு, 16-ம் 16.5-ம் அப்படித்தான். 16 அங்குல டயரை 16.5 ரிம்மில் வம்படியாக ஏற்றிக் காற்று அடித்தால் விளிம்புக் கம்பி அறுந்து வெடிக்கும். டயரில் உள்ள எண்ணும் ரிம்மில் பொறித்த எண்ணும் அச்சு அசலாக ஒன்றா என்று நீங்களே குனிந்து படியுங்கள். அப்படியே தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடலாம்: 2319 என்று நான்கு இலக்கம் இருந்தால் 2019-ன் 23-வது வாரம்.

மாட்டி முடித்த பிறகு டிராக்டரில் பூட்டி, சமதரையில் நிறுத்தி, தளம் மட்டமாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். உயரமான டயர் போட்டதில் முன்பக்கம் தாழ்ந்திருந்தால் கொக்கியின் உயரத்தை மாற்ற வேண்டியிருக்கும். இரட்டை அச்சு வண்டியில் இப்படிச் சாய்ந்தால் முன் அச்சு அதிகமாகச் சுமக்கும் வாய்ப்பும் உண்டு. முதல் லோடு இறக்கியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புதிதாக மாட்டிய ரிம் ஹப்பில் படிந்து உட்காரும்போது அவை தளர்வது சகஜம்.