படபடப்பா? முதலில் சர்க்கரையைப் பாருங்கள், பிறகு மணிக்கட்டை அழுத்தலாம்

கர்ப்பகால சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, விரலைக் குத்தி அளவு பார்க்கும் ஒவ்வொரு முறையும் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரிதான். அந்தப் பதற்றத்தைத் தணிக்க அக்குபிரஷரை நாடுவதில் தப்பில்லை. செய்கிற விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பெரிய தவறு, வருவதெல்லாம் பயம்தான் என்று முடிவுகட்டுவது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்சுலின் போடுபவருக்கு சர்க்கரை இறங்கினாலும் அச்சு அசலாக இதேதான் நடக்கும். கண்ணை மூடி மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் அளவு இன்னும் இறங்கலாம். முதலில் கையைக் கழுவிவிட்டு குளுக்கோமீட்டரில் பாருங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால்கூட அளவு கூடுதலாகக் காட்டிவிடும். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியாக இருந்தால் தாராளமாக அழுத்தலாம்.

எங்கே அழுத்துவது? பதற்றத்துக்கும் குமட்டலுக்கும் பலரும் அழுத்தும் புள்ளி பி.சி.6. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் மேலே. கையை லேசாக மூடி மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் கயிறு மாதிரி இரண்டு தசைநாண்கள் எழும்பும், அவற்றுக்கு நடுவில். அந்த மூன்று விரலும் கர்ப்பிணியின் விரல்களாக இருக்க வேண்டும். அன்பாகப் பிடித்துவிட வரும் கணவர் தன் தடித்த விரலால் அளந்தால் புள்ளி தவறிவிடும்! கட்டைவிரலின் சதைப்பகுதியால், மெதுவாக மூச்சு விட்டபடி, இரண்டு மூன்று நிமிடம் போதும். நகம் பதியவோ தோல் கன்றவோ அழுத்தினால் பலன் கூடிவிடாது.

தலைவலி வந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையைப் பிடித்துவிடுவது பலருக்குப் பழக்கம். கர்ப்பத்தில் அதை விட்டுவிடுங்கள். உள்கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியும் தோள்மேட்டுப் புள்ளியும் அப்படித்தான். கருப்பையைத் தூண்டக்கூடும் என்று மரபாகவே விலக்கப்பட்டவை இவை. பிரசவ நேரத்தில்தான் பயன்படுத்துவார்கள். 20 வாரத்துக்குப் பிறகு கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ கண்ணில் பொறி பறந்தாலோ, அது உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடவே கூடாது, ரத்தக்கட்டாக இருக்கலாம்.

மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம். வயிறு பெரிதான பிறகு கருப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கித் தலைசுற்றும். சாய்ந்து உட்கார்ந்தே செய்யலாம்.

“நேற்று அழுத்தினேன், காலையில் வெறும் வயிற்றில் 92தான்” என்று இன்சுலினை விட்டுவிடுவது இன்னொரு தவறு. வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் என்பது வழக்கமான இலக்கு. பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், உண்மைதான். ஆனால் இந்த சர்க்கரைக்கு முக்கியக் காரணம், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலைசெய்ய விடாமல் தடுப்பது. மணிக்கட்டை அழுத்தி அதை மாற்ற முடியாது. மாதம் ஏற ஏற இன்சுலின் அளவு கூடுவதும் இதனால்தான்; அது உங்கள் குற்றமல்ல.

இரண்டு வாரமாகியும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பிடவே பயமாக இருக்கிறது என்றால், சர்க்கரை நோட்டைக் காட்டும்போது டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.