பாயின்ட்டில் ரயில் தடம் புரளக் காரணமாகும் தவறுகள்

ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பாயின்ட்டில், அசையாத தண்டவாளத்தோடு ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் நகர்கிற, நுனி மெலிந்த நாக்குத் தண்டவாளங்கள் இரண்டு உண்டு. நகர்கிற உறுப்பு என்பதால் தேய்மானமும் தளர்வும் இங்கேதான் முதலில் தலைகாட்டும்.

கழன்ற நட்டை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு, அது ஏன் கழன்றது என்று கேட்காமல் நகர்ந்துவிடுவதே இங்கு நடக்கும் தவறுகளில் ஆபத்தானது என்பேன். இரு நாக்குகளையும் இணைத்து இடைவெளியைக் காப்பவை குறுக்கே செல்லும் ஸ்ட்ரெச்சர் பார்கள். 2002 மே 10 அன்று இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் நிலையத்தருகே அவற்றின் நட்டுகள் கழன்றிருந்த பாயின்ட், ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்கு அடியிலேயே நகர்ந்ததால் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தின் மேல் ஏறியது. 7 பேர் இறந்தனர். ஐந்தாண்டுக்குள், 2007 பிப்ரவரி 23 அன்று, அதே நாட்டின் கிரேரிக்கில் ஏறத்தாழ அதே கதை. அங்கே நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி சரியாக அமைக்கப்படாததால், கடந்துபோகும் சக்கரங்களின் விளிம்பு விலகி நின்ற நாக்கின் முதுகில் இடித்து இடித்துப் போல்ட் இணைப்புகளைத் தளர்த்தியது. அந்த இடைவெளியை அளந்து திருத்தாதவரை எத்தனை முறை இறுக்கினாலும் நட்டு மறுபடி கழலத்தான் செய்யும். விபத்துக்கு ஐந்து நாள் முன்பு, 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நடந்து பார்த்திருக்க வேண்டிய வழக்கமான சோதனையும் அங்கே விடுபட்டிருந்தது.

அடுத்தது, சிக்னலை இயக்கும் அறையின் பேனலில் எரியும் விளக்கை மட்டும் நம்புவது. நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ஜல்லித் துண்டு சிக்கினாலும் பாயின்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. அதனால்தான் இந்திய ரயில்வேயில் நுனியிலிருந்து 150 மி.மீ. தள்ளி 5 மி.மீ. தடிமனுள்ள துண்டை வைத்துப் பார்க்கிறார்கள். அதையும் மீறிப் பூட்டிக்கொண்டு, ரயில் செல்ல சிக்னல் கிடைத்தால் அந்தப் பாயின்ட்டின் மேல் ரயிலை விடக்கூடாது. வயரிங்கை மாற்றியபின் முழுமையாகச் சோதிக்காமல் விடுவதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறுதான். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை சிக்னல் கிடைத்திருந்தும், பாயின்ட் பக்கத்திலுள்ள லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றிருந்தது. சிக்னல் சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த பிழைகளையே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை காரணமாகக் காட்டியது.

நாக்கைப் பார்த்துவிட்டு, தண்டவாளங்களைத் தாங்கும் கட்டைகளை மறப்பதும் உண்டு. 2016-இல் வாஷிங்டன் மெட்ரோவின் ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச் அருகே, உளுத்துப்போன கட்டைகள் தண்டவாளங்களைப் பிடித்து வைக்க முடியாமல் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம், அகன்று ரயில் தடம் புரண்டது.

மெட்ரோ பணிமனைகளில் வேறொரு தவறைக் காணலாம். மாறான திசைக்கு அமைந்த பாயின்ட்டை வால்பக்கத்திலிருந்து, அதாவது இரு பாதைகள் ஒன்றுசேரும் திசையில், ரயில் நெரித்துக்கொண்டு புகுந்துவிட்டால், பதற்றத்தில் உடனே பின்னால் எடுக்கச் சொல்வார்கள். நெரிபட்ட நாக்கு எந்தப் பக்கமும் முழுமையாக ஒட்டாமல் நிற்கும் என்பதால், முன்னே போகும்போது தப்பிய சக்கரங்கள் திரும்பும்போதுதான் இறங்கும். பாயின்ட்டைப் பரிசோதித்துக் கிளாம்ப் போட்டுப் பூட்டும்வரை ரயிலை அசைக்கக் கூடாது.

புகாரில் இடத்தைத் தெளிவாகச் சொல்லாததும் உயிரைப் பறிக்கும். பாட்டர்ஸ் பாரில் விபத்துக்கு முந்தைய மாலையே, பயணித்த ஊழியர் ஒருவர் ரயில் மோசமாக அதிர்ந்ததைத் தெரிவித்திருந்தார். ஆனால் தகவல் கைமாறியதில் குழம்பி, சோதிக்கச் சென்றவர்கள் நிலையத்தின் மறுமுனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.