ஒரே தொட்டியில் ஆமையும் தவளையும்: சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்து வீடுகளில் மீன்தொட்டியோடு தொடங்கும் ஆசை பல வேளைகளில் ஒரு சிவப்புக் காது ஆமைக் குஞ்சில் வந்து நிற்கிறது. சில மாதங்களில், அது தனியே கிடக்கிறதே, வேறோர் ஆமையையோ தவளையையோ துணைக்கு விட்டால் என்ன என்ற கேள்வி எழுகிறது. ஆமைக்கோ தவளைக்கோ ஓணானுக்கோ வேற்றினத் துணை என்றொரு தேவை இல்லை. எனவே, இடம் போதவில்லை என்பதற்காகவோ பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதற்காகவோ சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியிருந்தும் சேர்க்க விரும்புவோர் முதலில் வெப்பத்தையும் நீரையும், அடுத்து வாயின் அளவையும், அதன்பின் நோய்க்கிருமியையும் பார்க்க வேண்டும். ஒன்றில் பொருந்தாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அதற்கும் முன்னதாக, கையில் இருப்பது எந்த உயிர் என்பதைப் பார்க்க வேண்டும். இலங்கையின் காட்டுயிர்களை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாதுகாக்கின்றன. நட்சத்திர ஆமையும் குளங்களில் வாழும் நம் நாட்டு ஆமைகளும் உடும்பும் வீட்டுத் தொட்டிக்கு உரியவை அல்ல. நட்சத்திர ஆமையைப் பன்னாட்டு வணிகத்திலிருந்து காக்கும் பொருட்டு, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் 2019இல் சேர்த்தார்கள். கிணற்றடியில் அகப்படும் தேரையையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். பத்து வயதில் நான் அப்படியொரு தேரையைப் பிடித்து, ஆமை இருந்த சீமெந்துத் தொட்டியில் விட்டேன். விளிம்பில் ஏற வழியில்லாமல் இரவு முழுவதும் நீந்திய அது காலையில் இறந்து மிதந்தது. பின்னங்கால் ஒன்றை ஆமை கடித்திருந்தது. அந்தத் தவறுதான் இந்த விடயத்தை முறையாகப் படிக்க என்னைத் தூண்டியது.

வெப்பம் நம் ஊரில் முதல் தடை. சிவப்புக் காது ஆமைக்கு நீர் 24 முதல் 28 பாகை செல்சியசிலும், வெயில் காயும் மேடை 30 பாகைக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். மீன்கடைகளில் விற்கப்படும் ஆபிரிக்க நகத்தவளையோ 18 முதல் 24 பாகை நீரை விரும்புவது. தவளைக்கு உறவான, வாலுள்ள நீர்வாழ் உயிரான மெக்சிக்கோவின் அக்சலோட்லுக்கு 16 முதல் 18 பாகை வேண்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் அறை கொதிக்கும்போது, குளிரூட்டி இல்லாமல் அக்சலோட்லைத் தனியாகக்கூட இங்கே வைத்திருக்க முடியாது. ஆமையோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. சோழகம் வீசும் மாதங்களில் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், ஈரத்தோல் கொண்ட மரத்தவளை வகைகளுக்கு அக்காலம் இன்னும் கடினமானது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவளை தன் தோலாலேயே நீரை உறிஞ்சுகிறது, தோலாலும் சுவாசிக்கிறது. ஆகவே நீரில் கலந்திருப்பதெல்லாம் அதன் உடலுக்குள் போகிறது. யாழ் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டப்பட்டவை. கரையோரத்தில் நீர் உவர்ப்பாகவும், தோட்டச் செய்கை நடக்கும் இடங்களில் உரத்திலிருந்து கசிந்த நைத்திரேற்று மிகுந்தும் இருக்கலாம். ஆமை தாங்கும் கிணற்று நீரைத் தவளை தாங்கும் என்று எண்ணக்கூடாது. மேலும், ஆமை உண்பதும் கழிப்பதும் அதிகம். அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா தவளையின் தோலை எரிக்கும். கார்த்திகை மழைநீரைச் சுத்தமான தாங்கியில் சேமித்து வைப்பது தவளை வளர்ப்போருக்குப் பெரிய உதவி. குழாய் நீரானால், குளோரின் நீங்குவதற்கு அதைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும்.

வாயின் அளவைப் பற்றிய விதி எளியது: ஒன்றின் வாய்க்குள் மற்றையது போகுமானால், ஒரு நாள் போய்விடும். தவளைகள் தம்மினத்தையும் விழுங்கும். விழுங்க முடியாததை ஆமை கடித்துக் குதறும். தேரையின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு என்பதால், கடித்ததற்கும் கேடுதான்.

நோய்க்கிருமியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற ஒருகல உயிர் ஆமைகளின் குடலில் பெரும்பாலும் தீங்கின்றித் தங்கியிருக்கும். அதே உயிர் பாம்புக்கும் பல்லியினங்களுக்கும் போனால் குடலை அழித்துக் கொல்லக்கூடியது. ரணவைரசு மீன், தவளை, ஆமை ஆகிய மூன்றையும் தாக்குகிறது. கைற்றிட் பங்கசு தவளைகளின் தோலைத் தாக்கி, உலகின் பல பகுதிகளில் இனங்களையே இல்லாமல் செய்தது. 1990களின் இறுதியில் அடையாளம் காணப்பட்ட அதை, நோயின்றிச் சுமந்து திரியும் இனங்களில் நகத்தவளையும் ஒன்று. நலமாகத் தோன்றும் இரு உயிர்களைச் சேர்த்தபின் ஒன்று மட்டும் நலிவது இத்தகைய கிருமிகளாலும் இருக்கலாம்.

ஆகவே, புதிதாக வந்த உயிரைக் குறைந்தது 30 நாட்கள், இயன்றால் 90 நாட்கள், வேறு அறையில் வேறு தொட்டியில் வைத்திருக்க வேண்டும். அதற்கென வலை, வாளி, கோப்பை எல்லாம் தனியாக இருக்க வேண்டும். நாள்தோறும் பழைய உயிர்களின் வேலையை முடித்த பின்னரே புதியதைத் தொட வேண்டும். எச்சத்தை மிருக வைத்தியரிடம் கொடுத்துப் பார்க்க முடிந்தால் மிக நன்று. மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் சல்மொனெல்லா பக்டீரியாவை ஆமைகள் சுமப்பதால், தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆமையைத் தொட விடவும் கூடாது. இதே காரணத்தால் அமெரிக்காவில் 1975 முதல் ஓட்டின் நீளம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்குத் தடை உண்டு.

இத்தனையையும் கடந்து பொருந்துவது எது? இங்கே நடைமுறையில் பொருந்துவது, ஒரே பருமனுள்ள, ஒரே வகை வாழ்விடம் வேண்டும் இரு ஆமைகள் மட்டுமே. ஓட்டின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 15 லீற்றர் நீர் என்று கணக்கிட்டால், 20 சென்ரிமீற்றர் ஆமை ஒன்றுக்கே 300 லீற்றர் தேவை. இரண்டாவதற்கு அதிலும் பாதிக்கு மேல் கூட்ட வேண்டும். பெண் ஆமை 25 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும். மேடைகள் இரண்டு வேண்டும், ஏனெனில் ஒன்றே இருந்தால் வலியது அதைப் பிடித்துக்கொள்ளும். ஆமைக்குத் தேவையான புற ஊதா ஒளியைக் கண்ணாடி தடுப்பதால், யன்னல் வெயில் போதாது. அதற்காகக் கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் நீர் விரைவில் சூடேறி ஆமை இறந்துவிடும். காலை வெயிலில், பாதி நிழல் உள்ள அகன்ற பேசினில், காகமும் பூனையும் எட்டாதபடி வலையிட்டு வைப்பதே நல்லது.

கனடாவிலும் பிரித்தானியாவிலும் வாழும் நம் உறவினர்கள் சிலர் பச்சை அனோல் ஓணானையும் அமெரிக்கப் பச்சை மரத்தவளையையும் சேர்த்து வளர்ப்பது பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒரே நிலத்தில் வாழ்பவை. ஓணான் பகலிலும் தவளை இரவிலும் நடமாடும். சேர்க்கத்தக்கவற்றுள் இது ஓரளவு நியாயமானது. ஆயினும் உயரமான, செடி அடர்ந்த பெருங்கூடும், ஒருபுறம் வெப்பமும் மறுபுறம் ஈரக்குளிர்ச்சியும் தேவை. தவளையின் வாய்க்குள் போகும் அளவுள்ள ஓணான் குஞ்சை விடக்கூடாது.

சேர்க்கும் நாளில் கற்களையும் மரக்கட்டைகளையும் இடம் மாற்றி அடுக்கினால், பழையது தன் இடமென்று காக்கும் வேகம் குறையும். முதல் இரண்டு வாரங்கள் இடையே துளையிட்ட தடுப்பை வைத்து, எடுத்தபின் முதல் நாள் முழுவதும் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உணவைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை, அதற்கென ஒதுக்கிய சிறு தராசில் நிறுத்து எழுதி வைத்தால், கண் காணாததைக் கொப்பி காட்டும். கடிகாயம் இல்லாவிட்டாலும், ஒன்று எப்போதும் மூலையில் கிடப்பதும், மேடையில் ஏறாமலிருப்பதும், நிறை குறைவதும் துன்பத்தின் அடையாளங்கள்.

அவற்றைக் கண்ட அன்றே பிரிக்க வேண்டும். அதற்காக இரண்டாவது தொட்டியை முதலிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும். அதை வாங்க வசதி இல்லாவிட்டால், இரண்டாவது உயிரை வாங்குவதையும் தள்ளிப்போட வேண்டும். வளர்க்க முடியாமற் போன ஆமையை வழுக்கியாற்றிலோ ஊர்க் குளத்திலோ விடக்கூடாது: சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது, அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். வாங்கும்போதே, திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டு வைப்பதும், பெரிய சீமெந்துத் தொட்டி உள்ள உறவினரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் நல்லது.