ஒரே மழை, நான்கு குழி: சரிவில் ஈரம் எங்கே தங்குகிறது?

ஒரே நிலம், ஒரே மழை. ஆனால் சில நாளில் மேட்டுப் பயிர் வாடுகிறது, பள்ளத்தில் கால் புதைகிறது. ஏன் என்று மண்வெட்டியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

1. நல்ல மழை நின்று இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பெரிய துளைகளில் நின்ற நீர் வடிந்து, மண் பிடித்து வைத்திருக்கும் ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும். மழையன்றே தோண்டினால் எல்லா இடமும் சொதசொதவென்றுதான் இருக்கும்.

2. மேலிருந்து கீழே நடந்து நான்கு இடங்களைக் குறியுங்கள்: உச்சிச் சமதளம், அது வளைந்து இறங்கத் தொடங்கும் தோள், நடுச்சரிவு, சரிவு தணிந்து குழிவாகும் அடிவாரம். இப்படி ஒரே சரிவில் தொடர்ந்து மாறிவரும் மண் வரிசைக்கு 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த ஜெஃப்ரி மில்ன் 'கட்டீனா' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சங்கிலி என்று பொருள்.

3. நான்கிலும் 60 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் ஒரு பிடி மண் எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை நிற்கிறதா, உதிர்கிறதா? மணல் ஈரத்திலும் உதிரும் என்பதை மறக்க வேண்டாம்.

4. இனி குழிகளைப் படிக்கலாம். பலரும் உச்சிதான் வறண்டது என்று நினைப்பார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது தோளை. உச்சி தட்டையாக இருந்தால் மழை நின்று நிதானமாக உள்ளே இறங்கும். தோளோ வெளிப்புறம் குவிந்தது. நீர் அங்கே நிற்காமல் வேகமெடுத்து மேல்மண்ணையும் அரித்துப் போகும். மண் மெலிந்தால் நீரைச் சேமிக்க இடமேது?

நடுச்சரிவுக் குழியில், மேட்டுப் பக்கச் சுவரை உற்றுப் பாருங்கள். களிமண் அடுக்கோ பாறையோ தொடங்கும் கோட்டில் சில சமயம் நீர் முத்து முத்தாகக் கசியும். கீழே இறங்க வழியின்றி அந்த அடுக்கின் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்து வரும் நீர் அது. மழை ஓய்ந்த பிறகும் அடிவாரத்துக்கு ஈரம் வந்துகொண்டே இருப்பது இப்படித்தான்.

அடிவாரத்தில் மேலிருந்து வந்த மண் சேர்ந்து கறுப்பாக, ஆழமாக இருக்கும். அடியில் சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் தெரிந்தால், அங்கே நீர் நெடுநாள் தேங்கிக் காற்று புகாமல் இருந்திருக்கிறது. காற்றில்லாத மண்ணில் இரும்பு கரைந்து நிறம் வெளுக்கும். காற்று பட்ட இடத்தில் துருவாகப் படியும். இன்று காய்ந்திருந்தாலும் வேர் அழுகும் பயிரை அங்கே வைக்காதீர்கள்.

5. குழிகளை மூடிவிட்டு, மழையில்லாத பத்து நாள் கழித்து ஓரடி தள்ளிப் புதிதாகத் தோண்டுங்கள். எந்தக் குழியில் எத்தனை செ.மீ. வரை காய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாசனத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.