பள்ளி மீன் தொட்டி: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரிப் பள்ளிகளில் மாணவர்கள் நேரில் பார்த்துக் கற்பதற்காக மீன் வளர்க்க முனைபவர்கள், சமவெளியில் செழித்து வளரும் மீனை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதுதான் முதல் தவறு. கட்லாவும் ரோகுவும் 25 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான நீரை விரும்புபவை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும் உதகையில் அவை இரையெடுக்காமல் சோர்ந்துவிடும். குளிரைத் தாங்கும் ட்ரவுட் மீனோ, அவலாஞ்சியில் வளர்க்கப்படுவதுபோல, ஓயாமல் ஓடிவரும் நீரில்தான் நன்றாக வளரும். தேங்கிய தொட்டியில் பிழைக்காது. பள்ளிக்குப் பொருந்துவது, 1939-இல் இலங்கையிலிருந்து உதகைக்கு வந்த கண்ணாடிக் கெண்டையையும் உள்ளடக்கிய சாதாக் கெண்டை இனமே.

இரண்டாவது தவறு அவசரம். தொட்டியை நிரப்பிய அன்றே மீனை விட்டால், அதன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா என்ற நச்சை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் அந்த நீரில் இன்னும் பெருகியிருக்காது. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் அவை நிலைகொள்ளும். குளிரில் மேலும் நாளாகும். அந்தக் காத்திருப்பையே பாடமாக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியா சோதனைக் குழாய் பச்சையாக மாறுவதைத் தன் கையில் பிடித்துப் பார்த்த மாணவிக்கு நைட்ரஜன் சுழற்சியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும், நான் பார்த்தவரை மீன்களை அதிகம் கொல்வது பிள்ளைகளின் அன்புதான். ஆளுக்கொரு சிட்டிகை என்று நாற்பது பேர் தீவனம் தூவினால், தின்றது போக மீதி அடியில் படிந்து, வெண்பூசணம் பூத்து, மறுநாள் வகுப்பறையே நாறும். ஒரு நாளைக்கு ஒரு மாணவர், ஒரே அளவுக் கரண்டி, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவு, உடனே பதிவேட்டில் ஒரு வரி என்று வகுத்துவிட வேண்டும். நீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கிய காலையில் கெண்டைக்குத் தீவனமே வேண்டாம். வார விடுமுறைக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமையே கொட்டிவிட்டுப் போவது பெருந்தவறு. வளர்ந்த கெண்டை இரண்டு நாள் பட்டினியை எளிதாகத் தாங்கும், அழுகிய நீரைத் தாங்காது.

வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றும்போது, குளோரின் கலந்த குழாய்நீரை நேராக ஊற்றாமல், ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்ற வேண்டும். ஆண்டிறுதியில் மீன்களை ஓடையில் விடுவதும் கூடாது; அவை அங்குள்ள நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். யார் வாங்கிக்கொள்வார் என்பதைக் குஞ்சு வாங்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.