பொறுத்தல் வேறு, பொறுத்துப் போதல் வேறு: மன்னிப்பு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது நன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முன்பு மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த பட்டியல் பலருக்கு நாற்பது வயதிலும் அப்படியே வாயில் வருகிறது. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், அப்பா அம்மா பேச்சைக் கேட்கவில்லை. புனித வாரம் நெருங்கும்போது பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு, வரிசையில் நின்று இதை ஒன்றரை நிமிடத்தில் ஒப்பித்து, அவர் பரிகாரமாகச் சொல்லும் அபராதமாக மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லிவிட்டால் வருடக் கடமை முடிந்தது. அந்த அப்பாவும் அம்மாவும் இறந்தே பத்து வருடம் ஆகியிருக்கும்!

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நாம் செய்யும் மற்ற தவறுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நடந்த தப்பை அதன் பெயரைச் சொல்லி அழைக்க நமக்கு வாய் வருவதில்லை. “கோபப்பட்டேன்” என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். “சொத்துப் பிரித்தபோது தம்பியை ஏமாற்றிக் கூடுதலாக எழுதி வாங்கினேன், மூன்று வருடமாக அவனோடு பேசவில்லை” என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். சாவான பாவங்களை, அதாவது கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் கனமான பாவங்களை, வகையோடும், தெரிந்த அளவுக்கு எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்று திருச்சபை கேட்பது சாமியாரின் ஆர்வத்துக்காக அல்ல. தம்பி விஷயத்தைச் சொன்னவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். அதைத் தர மனமில்லாமல் எத்தனை செபமாலை சொன்னாலும் மனஸ்தாபம், அதாவது பாவத்துக்காக வருந்துவது, முழுமையாகாது.

இன்னொரு வகையினர் உண்டு. மருமகளின் பாவம், பக்கத்து வீட்டுக்காரரின் பாவம், பங்குப் பேரவையின் பாவம் எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லி, கடைசியில் “அதனால் நானும் கொஞ்சம் பேசிவிட்டேன் ஃபாதர்” என்று முடிப்பார்கள். இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் புத்தகம்) நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்களைக் கேட்கும். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் அபராதத்தை நிறைவேற்றுவது. நாம் நான்காவதில் மட்டும் கவனமாக இருக்கிறோம். இரண்டாவதில் வேறொரு குழப்பம். அழுகை வரவில்லையே, அப்படியானால் நான் உண்மையாக வருந்தவில்லையோ என்று சிலர் தவிப்பார்கள். மனஸ்தாபம் என்பது கண்ணீரின் அளவு அல்ல, பாவத்தை வெறுத்து விலகத் துணியும் மனம். கடவுள்மேல் கொண்ட அன்பினால் வருந்துவது உத்தம மனஸ்தாபம். நரக பயத்தினால், பாவத்தின் அருவருப்பினால் வருந்துவதும் கடவுள் கொடையே, அந்த வருத்தத்தோடு வருகிறவரும் இந்த அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெறலாம் என்பது 1551இல் திரிதெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் தெளிவாக்கிய போதனை. பயந்து வந்தவரைத் திருச்சபை வாசலில் நிறுத்தவில்லை.

சரி, இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. சொல்லி மன்னிப்புப் பெற்ற பாவத்தையே மாதாமாதம் திரும்பச் சொல்வது. இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியாருக்கே இந்தத் தொல்லை இருந்தது. 1522இல் ஸ்பெயினின் மொன்செராத் மடத்தில் தன் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தவர், பக்கத்து ஊரான மன்ரேசாவுக்குப் போனதும் எதையோ சரியாகச் சொல்லவில்லை என்று புழுங்கினார். மிகத் தெளிவாகத் தெரிவதைத் தவிர, பழையதைச் சொல்ல வேண்டாம் என்று குருவானவர் கட்டளையிட்டார். இவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! தற்கொலை எண்ணம் வரை போய், கடைசியில் பழையதைக் கிளறுவதை நிறுத்திய பிறகே மீண்டார். வேண்டுமென்று மறைத்த சாவான பாவம் வேறு. உண்மையிலேயே மறந்துபோனது அந்த மன்னிப்பிலேயே அடங்கிவிடும். அது கனமான பாவமாக இருந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். உறுத்தல் நோயாகவே மாறிவிட்டவர்கள் ஊர் ஊராகக் குருக்களை மாற்றாமல் ஒரே குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேட்பது நல்லது.

இறை இரக்க செபமாலையை நாற்பது பேருக்கு அனுப்பினால் கேட்டது கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள். அந்தப் பக்தியைப் பரப்பிய போலந்துத் துறவி ஃபவுஸ்தீனா, இரக்கத்தைக் காட்டும் வழிகளாகத் தன் நாட்குறிப்பில் எழுதியவை மூன்று: முதலில் செயல், பிறகு சொல், அப்புறம்தான் செபம். சில செபங்களுக்கும் செயல்களுக்கும் திருச்சபை அளிக்கும் பரிபூரண பலனும் பாவ மன்னிப்பும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையை நீக்குவது அந்தப் பலன்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த தவறு. இயேசு கற்றுத்தந்த செபமான பழைய பரலோக மந்திரத்தில் “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல” என்று வரும். அந்தப் பொறுத்தல் நம் வீடுகளில் எப்படியோ “பொறுத்துப் போம்மா” ஆகிவிட்டது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழ முடியாமல் பிறந்த வீட்டுக்கு வந்தவளிடம் அந்த மந்திரத்தையே காட்டி, மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ என்கிறோம். பக்தியான அத்தைகள் சொல்வார்கள், சில சமயம் பிரசங்க மேடையிலிருந்தும் வரும். இது திருச்சபையின் போதனை இல்லை. பொறுத்துப் போவது, நடந்தது தப்பே இல்லை என்பதுபோல நடந்துகொள்வது. தப்பு நடக்கவில்லை என்றால் மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது? அவன் செய்தது பாவம் என்று சொல்லி, பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அவன் மனம் திரும்பச் செபித்து, அதே சமயம் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்துவிட்டுத் தனியாகப் பாதுகாப்பாக வாழலாம். இவற்றில் எதுவும் மற்றதைக் கெடுக்காது.

1981 மே 13 அன்று தன்னைச் சுட்டவரை, நான்கே நாளில் மருத்துவமனையிலிருந்து ஒலிபரப்பான செய்தியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னித்தார். 1983 டிசம்பரில் ரோமின் ரெபிபியா சிறைக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். சுட்டவரோ 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார்.

மறந்தால்தான் மன்னித்ததாக அர்த்தம் என்பதும் நாமே கட்டிய கதை. இழைக்கப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதும் மறப்பதும் நம் கையில் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே (எண் 2843) ஒத்துக்கொள்கிறது. அந்தக் காயத்தைத் தூய ஆவியிடம் ஒப்படைக்கத்தான் கேட்கிறது. முகத்தைப் பார்த்தாலே நெஞ்சு எரிகிறது என்றால், அந்த எரிச்சலோடே அவர் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம். அதுவும் முடியாத நாளில், மன்னிக்கும் மனத்தைத் தாரும் என்று மட்டும் கேட்கலாம்.

துக்க வீட்டில் முப்பதாம் நாள் பூசை முடிவதற்குள் “மன்னித்துவிட்டீர்களா?” என்று கேட்கும் அவசரமும் வேண்டாம். கேரளத்துக் கன்னியர் ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளோடு நின்றதற்காக 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் பேருந்தில் போகும் வழியில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை செல்மி பாலும் துறவிதான். அவர் சிறைக்குப் போய்க் கொலையாளியின் கையில் ராக்கி கட்டி, சகோதரனாக ஏற்றுக்கொண்டது 2002இல். இடையில் ஏழு வருடம்.